வீண்செலவு நேரம்

உண்டியலக்கா எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டாள் என்று எங்கள் வேலையிடத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவள் கையில் எச்சில் இருந்தால்தானே ஓட்டுவதற்கு? மதியச் சாப்பாட்டைக் கரண்டியால் தின்று, டப்பாவில் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவாள். அவளை நம்பி எந்தக் காக்கையும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

எங்கள் வேலையிடம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்த நீளமான அறை. கீழே பஞ்சு அடித்தால் மேலே எங்களுக்குத் தும்மல் வரும். சுவரோரம் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்காலிகளில் பெரும்பாலும் பெண்கள். என்ன வேலை என்று வெளியே யாராவது கேட்டால் டைப்பிங் வேலை என்று சொல்லிவிடுவோம். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் நாள் முழுக்க ஒரே வீடியோ கேமை விளையாடிக்கொண்டிருந்தோம்.

அது ஒரு சாகச விளையாட்டு. மலை, காடு, கடல், குகை என்று பெரிய தேசம். ஆளுக்கொரு வீரனோ வீராங்கனையோ. பானையை உடைத்தால் பொற்காசு, நண்டை அடித்தால் பொற்காசு, புதையல் பெட்டியைத் திறந்தால் கொஞ்சம் கூடுதலாகப் பொற்காசு. அதைக் கொண்டுபோய் அங்கிருக்கும் கடையில் கொடுத்தால் வாள், குதிரை, படகு, தொப்பி, வீடுகூட வாங்கலாம். எங்கோ வசதியாக இருக்கிறவர்களுக்குப் பானை உடைக்கப் பொறுமை கிடையாது, குதிரை மட்டும் உடனே வேண்டும். அவர்கள் எங்கள் முதலாளிக்கு நிஜப் பணத்தை அனுப்புவார்கள். விளையாட்டுக்குள் இருக்கும் ஊரின் கிணற்றடியில் எங்கள் ஆள் அவர்கள் ஆளைச் சந்தித்துக் காசு மூட்டையைக் கொடுத்துவிட்டு வருவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வீடுகளில் நாங்கள் அதைத்தான் சமைத்தோம்.

முதலாளி முன்பு கட்டட மேஸ்திரியாக இருந்தவர். இப்போதும் மேஸ்திரிதான் எங்களுக்கு. சித்தாள்களை மேய்த்த அதே குரலில் எங்களையும் மேய்த்தார். "கை நிக்கக் கூடாதும்மா! பானை உடையுற சத்தம் எனக்குக் கேக்கணும்!" என்று நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார்.

இந்த வியாபாரம் விளையாட்டை நடத்தும் கம்பெனிக்குப் பிடிக்காது. பிடிபட்டால் நாங்கள் விளையாடும் கணக்கை மூடிவிடுவார்கள், அதில் சேர்ந்திருக்கும் காசு மொத்தமும் போய்விடும். விளையாடுவது மனிதனா, அல்லது ஆள் இல்லாமல் தானாக ஓடுகிற புரோகிராமா என்று பார்க்க ஒரு கண்காணிப்பு ஏற்பாடு வேறு வைத்திருந்தார்கள். நாங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தோம். கண்ணில் படாமல் நின்று, எதை எடுத்தாய், எதை வைத்தாய் என்று பார்த்துக்கொண்டே இருப்பதை வேறு என்னவென்று அழைப்பது?

மாமியாரை ஏமாற்ற மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சும்மா சம்பாதிச்சுக்கிட்டே இருந்தா மெஷின்னு நினைச்சுடுவா. மனுஷன்னா வீண்செலவு பண்ணுவான். அதனால எல்லாரும் கொஞ்சம் வீண்செலவு பண்ணுங்க," என்று ஒரு நாள் அறிவித்தார். சொல்லும்போதே அவருக்கு வயிறு எரிந்தது முகத்தில் தெரிந்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு வீண்செலவு நேரம். உலகத்தில் வேறு எந்த முதலாளியாவது மணி அடித்து, செலவு பண்ணுங்கள் என்று வேலைக்காரர்களைக் கெஞ்சியிருப்பாரா தெரியாது. எங்களுக்கு அது கொண்டாட்டம். வீட்டில் ஒரு ஹேர்பின் வாங்கவும் புருஷன் முகத்தைப் பார்க்கிறவள், அங்கே குதிரைக்கு வெல்வெட்டில் சேணம் போட்டாள். நான் தொப்பிகளாக வாங்கித் தள்ளினேன். காலையில் ஒரு தொப்பி, மாலையில் ஒரு தொப்பி, நண்டு அடிக்கப் போகும்போது இறகு வைத்த தொப்பி. என் வாய் சும்மா இருக்காது என்பதால் எனக்கு வாயாடி என்று பெயர். ஆனால் அந்த நேரத்தில் நானும் பேசாமல் கடை கடையாக ஏறி இறங்குவேன்.

என் பக்கத்து நாற்காலி உண்டியலக்காவுக்கு மட்டும் அது தண்டனை நேரம். எங்கள் எல்லோரையும்விட அதிகம் சம்பாதிக்கிறவள் அவள்தான். நண்டுக் குகைக்குள் போனால் கண் இமைக்காமல் ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றி அடிப்பாள். ஆனால் கடைக்குள் போய் ஒரு தொப்பியைப் பார்ப்பாள், விலையைப் பார்ப்பாள், வெளியே வந்துவிடுவாள்.

"அக்கா, அது நிஜக் காசு இல்லக்கா. வாங்குங்க," என்பேன்.

"நிஜக் காசு இல்லன்னா அந்த ஆளுங்க எதுக்கு நிஜப் பணம் குடுத்து வாங்குறாங்க? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்."

"உங்க வீராங்கனையப் பாருங்க. ஆரம்பத்துல குடுத்த கிழிஞ்ச சட்டையோடவே சுத்துறா. பாவமா இல்ல?"

"குளிர் அடிக்குதுன்னு சொன்னாளா?" என்று கேட்டாள் அக்கா.

சிரிப்பு வரும், கோபமும் வரும். அவள் கதை தெரிந்த பிறகு கோபம் வேறு ஆட்கள் பக்கம் திரும்பியது.

அப்பா போனபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் முடியவில்லை. பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை, துணிக்கு இஸ்திரி, ஆஸ்பத்திரியில் தரை துடைப்பது என்று எதையும் விடவில்லை. தம்பி படித்தான், தம்பிக்கு வேலை கிடைத்தது, தம்பி வீடு கட்டினான். சிமென்ட் வாங்கியது அக்கா. அந்த வீட்டில் தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை, துவைக்கும் இயந்திரத்துக்குக்கூட தனியாக ஒரு மூலை. அக்காவின் பாய் சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும். எல்லோரும் டிவி பார்த்து முடித்து எழுந்த பிறகுதான் அவள் அதை விரிக்க முடியும். உடை மாற்றக் குளியலறைக்குப் போனால் பிள்ளைகளில் ஒன்று கதவைத் தட்டும். அவள் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் சிமென்ட் யார் வாங்குவது?

தம்பி கல்யாணத்துக்கு எல்லோரும் வற்புறுத்தியதால் அவள் ஒரு கைப்பை வாங்கினாள். விலைச்சீட்டை உள்ளே மடித்து வைத்து, நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு, மறுநாள் கடைக்குக் கொண்டுபோய்ப் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "போட்டோல பை இருக்குது, காசும் என்கிட்ட இருக்குது," என்றாள். இந்தச் சாமர்த்தியம்தான் பின்னால் அவளைக் கவிழ்த்தது.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. மெத்தைக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை காலியானது. என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள். கட்டில் போட்டால் நடக்க இடம் மிஞ்சாத அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஆனால் உள்ளேயே குழாய் இருந்தது, கதவுக்கு உட்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"எதுக்குமா அதையே போட்டுப் போட்டுப் பாக்குற?"

"உள்ள இருந்து போடுற தாழ்ப்பாள் நான் வச்சுக்கிட்டதில்லம்மா," என்றாள் அக்கா. அவ்வளவு நேராகச் சொல்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்காரம்மா கரையாத ஆள் இல்லை. எங்கள் விளையாட்டுக்குக் கம்பெனி ஒரு புதுப் பாகம் விடவிருந்தது, அது வெளியாகும்வரை அறையை யாருக்கும் விடாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். ஏன் புதுப் பாகம் வரை என்றால், பணம் அப்போதுதான் வரும். மேஸ்திரி எங்களுக்கு மாதம் கொடுக்கும் சம்பளம் சொற்பம். அதற்கு மேல் நாங்கள் சேர்க்கும் பொற்காசில் ஒரு பங்கு எங்களுடையது. நாங்களெல்லாம் அதை வாராவாரம் விற்று வாங்கித் தின்றுவிடுவோம். அக்கா தன் பங்கைத் தொடவே இல்லை, விளையாட்டுக்குள்ளேயே சேர்த்து வைத்தாள். சம்பளத்தைத்தான் தம்பி பெண்டாட்டி கை நீட்டி வாங்கிக்கொள்வாள். விளையாட்டுக்குள் கை நீட்ட அவளுக்குத் தெரியாது. புதுப் பாகம் வந்தால் பொற்காசுக்குக் கிராக்கி ஏறும், அப்போது மொத்தமாக விற்று அறைக்கு முன்பணம் கட்டலாம் என்பது அக்காவின் திட்டம்.

திட்டத்தில் ஓட்டையாக இருந்தது வீண்செலவு நேரம் மட்டும்தான். தினமும் மாலையில் மேஸ்திரி ஒவ்வொரு கணக்கிலும் செலவு காட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். தப்பிக்க முடியாது. அக்கா யோசித்தாள். அந்த ஊர்க் கடையில் எதைத் திருப்பிக் கொடுத்தாலும் பாதி விலைதான் தருவார்கள். ஒவ்வொரு பொருளாக விசாரித்து, மெழுகுவத்திக்கு மட்டும் கடைக்காரன் வாங்கிய விலையையே திருப்பித் தருகிறான் என்று கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு தினமும் மணி அடித்ததும் கடைக்குப் போவாள், ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்குவாள், அதைத் திருப்பிக் கொடுப்பாள், குகைக்குப் போய்விடுவாள். கைப்பைக் கதைதான்.

"தினமும் அதையே வாங்கி அதையே குடுத்தா சந்தேகம் வராதாக்கா?" என்று கேட்டேன்.

"கடைக்காரனே சும்மா இருக்கான். உனக்கு என்ன வந்துச்சு?"

"இதுக்கு அந்தக் கடலோரத்துல குட்டியா ஒரு வீடு இருக்குதே, அதையாவது வாங்கலாம். மாமியாரும் நம்புவா, உங்களுக்கும் ஆசையா இருக்கும்."

"பாய் விரிக்க முடியாத வீடு எனக்கெதுக்கு?" என்றாள்.

ஆனால் அவள் அங்கே போவாள். நான் பார்த்திருக்கிறேன். நண்டுக் குகையிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் சுற்றுவழியில் வந்து, அந்தக் குட்டி வீட்டின் நீலக் கதவுக்கு முன்னால் கிழிந்த சட்டையோடு அவளுடைய வீராங்கனை நிற்பாள். விலை திரையில் வரும். அவ்வளவுதான், ஓடிவிடுவாள்.

புதுப் பாகம் வர இன்னும் கொஞ்ச நாள்தான் என்றிருந்தபோது, ஒரு காலை அக்கா வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். மலையும் வரவில்லை, காடும் வரவில்லை. சாம்பல் நிறத் திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை, அவள் மூச்சு நின்றதுதான் கேட்டது.

"என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். அந்த பாஷை எனக்குத்தான் கொஞ்சம் தெரியும்.

"மாமியார் கதவைச் சாத்திட்டாக்கா."

மேஸ்திரி ஓடி வந்தார். மூடிய கணக்கைப் பற்றிக் கம்பெனி ஆளோடு எழுத்திலேயே பேசிப் பார்க்க ஒரு வசதி இருந்தது. "மனுஷி உக்காந்து பதில் சொன்னா நம்பிடுவான். நீ எழுதும்மா வாயாடி. அவன் கேக்கறதுக்கு இவங்களே பதில் சொல்லட்டும்," என்றார். சுற்றி எல்லோரும் கூடிவிட்டோம். அன்று பானை உடைகிற சத்தம் யாருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பக்கம் இருந்தவன் மரியாதையாகத்தான் எழுதினான். விளையாட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று முதலில் கேட்டான்.

"நண்டுக் குகை," என்றாள் அக்கா.

"ஏன் பிடிக்கும்னு கேக்குறான்."

"அங்கதான் காசு அதிகம் விழும்."

அப்படியே எழுதவா என்று மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். குகை அழகாக இருக்கும் என்று எழுதினேன். அடுத்து, விளையாட்டில் உங்கள் நண்பர்கள் யார் என்று கேட்டான். அக்கா என்னைக் கை காட்டினாள். அவள் என்னைத் தோழி என்று சொன்ன முதல் தடவை அதுதான், கேட்டதோ ஊர்பேர் தெரியாத ஒருவன். என் பெயரைச் சொன்னால் என் கணக்கும் போய்விடும். யாரும் இல்லை, தனியாக விளையாடுகிறேன் என்று எழுதும்படி அக்காவே சொன்னாள்.

கடைசியாக ஒன்று கேட்டான். படித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னடி கேக்குறான்?"

"கடைசியா உங்களுக்குன்னு ஆசைப்பட்டு என்ன வாங்கினீங்கன்னு கேக்குறான்."

அக்கா யோசித்தாள். நன்றாக யோசித்தாள். கேள்வியில் விளையாட்டுக்குள் என்றுதான் இருந்தது, ஆனால் அவள் அதையும் தாண்டி வெளியே வந்து தேடுகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது.

"மெழுகுவத்தி," என்றாள்.

"அதைத்தான் திருப்பிக் குடுத்துட்டீங்களே! சிவப்புத் தொப்பின்னு போடறேன்."

"வேணாம். எல்லாம் அவன்கிட்ட எழுதியிருக்கும். பொய் சொன்னா மாட்டிக்குவோம்."

"மெழுகுவத்தி" என்று எழுதினேன். பிறகு பதில் வந்தது. உங்கள் கணக்கு பல மாதங்களாக ஒரே தடத்தில் நடந்திருக்கிறது, தினமும் ஒரே பொருளை வாங்கித் திருப்பியிருக்கிறது, தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இதை ஒரு மனிதர் விளையாடியதாக எங்களால் ஏற்க முடியவில்லை. கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது. நன்றி.

நான் சொல்லச் சொல்லக் கேட்ட அக்கா, "கடைசியில நன்றின்னு போட்டிருக்கான்ல? அப்ப குடுத்துடுவானா?" என்று கேட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆளை வந்து நேரில் பாருடா, இரண்டு கையும் காலும் இருக்கிறது என்று எழுதக் கையை வைத்தேன். மேஸ்திரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவளைப் பார்க்க வருகிறவன் எங்கள் அறையையும் பார்ப்பானே.

சாயங்காலம் அவளைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் வீடு வரை போனேன். தம்பி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். தனி அறைக்கென்று சேர்த்ததெல்லாம் போய்விட்டது என்று சொன்னேன்.

"கேம்ல போன காசுக்கு யாராவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்களா? சின்னப் பிள்ளைங்ககூட அழாது," என்றான். "அது சரி, உனக்கு எதுக்கு தனியா ரூம்? இங்க என்ன குறைச்சல்?"

டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பாய் விரிக்கும் இடத்தில் அவன் கால் இருந்தது. அந்தக் காலை மிதித்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குக் கை கால் பரபரக்கிறது.

புதுப் பாகம் வந்தது, கிராக்கியும் ஏறியது. வீட்டுக்காரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றி அதுவரை காத்திருந்தார், பிறகு அறையை வேறொருவருக்கு விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேஸ்திரிக்குத்தான் அந்தச் சமயத்தில் யோகம் அடித்தது. அவருடைய மச்சான் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தான். ஆளே வேண்டாம், தானாக நண்டு அடிக்கும், தானாகப் பானை உடைக்கும். அதை அக்காவின் கம்ப்யூட்டரில்தான் முதலில் போட்டார்கள். அதற்கு முன் மச்சான் சில நாள் எங்கள் பின்னால் நின்று, வீண்செலவு நேரத்தில் நாங்கள் என்னென்ன கூத்து அடிக்கிறோம் என்று பார்த்து அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். அதனால் அது வேலை நடுவில் கடைக்குப் போகும். ஒரு தொப்பியைப் பார்க்கும், வேண்டாம் என்று வரும், மறுபடி போய் வாங்கும். தெருநாய்க்கு ரொட்டி போடும். கடற்கரையில் போய்ச் சும்மா நிற்கும். மாமியாருக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது, ஒரு தடவைகூட கதவைச் சாத்தவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது பழைய கணக்கு. இந்த மாமியாருக்கு மருமகளே வேண்டாமாம், மச்சான் எழுதிக்கொடுத்தது உடைத்தால் போதுமாம்.

ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது. கிணற்றடியில் மூட்டை கைமாற்றவும், வாங்குகிறவர்களோடு பேசவும் வாய் வேண்டும் என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள். அக்காவை மேஸ்திரி அனுப்பவில்லை. "பாவம், இருந்துட்டுப் போகட்டும்," என்று பெருந்தன்மையாகச் சொல்லி, அறையைப் பெருக்கவும், கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர்களை மறுபடி போடவும் வைத்துக்கொண்டார். சம்பளம் பாதியாகிவிட்டது. தம்பி பெண்டாட்டி அதையும் வாங்கிக்கொண்டாள், குறைந்ததற்கு முணுமுணுத்துக்கொண்டே.

ஒரு மதியம் அக்கா பெருக்கிக்கொண்டே வந்து, தன் பழைய நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நாற்காலியில் யாரும் இல்லை. திரையில் சிவப்புத் தொப்பி போட்ட வீராங்கனை ஒருத்தி கடலோரமாக நடந்துகொண்டிருந்தாள். குட்டி வீட்டின் முன்னால் போய் நின்றாள். விலை திரையில் வந்தது. வீராங்கனை திரும்பி ஓடவில்லை. காசு கலகலவென்று கொட்டியது, நீலக் கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

"யாரு வாங்குனது?" என்று அக்கா என்னைக் கேட்டாள்.

"யாரும் இல்லக்கா. அதுவா வாங்குது."

அவள் குனிந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், அந்த வீட்டின் உள்ளே பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். சிவப்புத் தொப்பிக்காரி அறை நடுவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதா பாரு."

நான் பார்த்தேன். இருந்தது. படம் வரைந்தவன் எவனோ, சின்னதாக, இரும்பு நிறத்தில், அதையும் மறக்காமல் வரைந்திருந்தான்.

"இருக்குதுக்கா," என்றேன்.

"அப்ப நல்ல வீடுதான்," என்று சொல்லிவிட்டு, அக்கா அந்தக் காலி நாற்காலியை நகர்த்தி அதன் அடியில் பெருக்கினாள்.